எடை குறைக்கும் ஊசி, வைட்டமின் ஊசி: பினாங்கு மருந்தகக் கவுண்டரில் தினமும் கேட்கும் கேள்விகள்

"மிஸ், அந்த ஊசி இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஃபார்மசியில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். "எந்த ஊசி?" என்று திருப்பிக் கேட்டால்தான் சிக்கலே தெரியவரும். ஒருவர் மனதில் இருப்பது ஓசெம்பிக். இன்னொருவருக்கு அது பார்லரில் போடுகிற சிவப்பு வைட்டமின் ஊசி. மூன்றாமவர் டிக்டாக் லைவில் பார்த்த பெயரில்லாத புட்டியைச் சொல்கிறார். மூன்றையும் ‘ஸ்லிம்மிங் ஊசி’ என்றே சொல்வதால், ஒன்றின் நல்ல பெயரில் மற்ற இரண்டும் விற்றுப்போகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே எடை குறைக்கிற ஊசி எது?

நல்ல ஆய்வுகளில் நிரூபணமாகி இப்போது பரவலாகப் பேசப்படுபவை மூன்று மருந்துகள். லிராகுளூட்டைடு, செமகுளூட்டைடு, டிர்செபட்டைடு. பெட்டியில் இருக்கும் பெயர் வேறாக இருக்கும். லிராகுளூட்டைடு எடைக்காக விற்கப்படும்போது சாக்செண்டா. இதைத் தினமும் போட வேண்டும். செமகுளூட்டைடு இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) ஓசெம்பிக், எடைக்கு வெகோவி. டிர்செபட்டைடு என்பது மவுன்ஜாரோ. செமகுளூட்டைடும் டிர்செபட்டைடும் வாரம் ஒரு முறை.

ஓசெம்பிக்கும் வெகோவியும் ஒரே மருந்து என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மருந்து ஒன்றுதான், உச்ச அளவுதான் வேறு. ஓசெம்பிக் 2 மி.கி. வரை, வெகோவி வழக்கமாக 2.4 மி.கி. வரை.

இது கொழுப்பைக் கரைக்கிறதா?

இல்லை, பசியைக் குறைக்கிறது. சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும், சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுவதும் அதன் வேலை. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மருந்து அதையே போல நடிக்கும், ஆனால் நாள்கணக்கில் நிற்கும். டிர்செபட்டைடு, ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இந்த வகையில் முதலில் வந்த மருந்துக்கு மூலம் ஒரு பல்லி என்றால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் இப்படிப்பட்ட பொருள் இருப்பதை 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டார். அதிலிருந்து வந்த எக்செனட்டைடுக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இப்போதுள்ள ஊசிகளில் பல்லி எதுவும் இல்லை!

என் வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. "முன்னாடி மாமாக் கடையைத் தாண்டிப் போனாலே நாக்கு நமநமன்னு இருக்கும் மிஸ். இப்ப ரொட்டி சானாய் வாசனை வருது, அவ்ளோதான். வெறும் வாசனை."

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. 10 கிலோ குறையுமா?

கல்யாணம், தீபாவளி, பெண் பார்க்க வருகிற நாள் என்று தேதியை வைத்துக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். வெகோவி 0.25 மி.கி.யில் தொடங்கும். அதற்குப் பிறகு 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. ஒவ்வொரு படியிலும் நான்கு வாரம் நிற்க வேண்டும். முழு அளவைத் தொடவே 16 வாரம் ஆகிவிடும். இரண்டு மாதத்தில் நீங்கள் ஏணியின் அடிப்பாதியில் இருப்பீர்கள். முதல் மாத அளவு, வயிறு பழகுவதற்காகவே. அதில் பெரிதாக எடை இறங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

நிதானமாகப் போட்டால் கிடைப்பது இது. 2021இல் வெளிவந்த ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரம் செமகுளூட்டைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடு. இரு தரப்புக்கும் உணவு, நடை ஆலோசனை உண்டு. டிர்செபட்டைடின் 15 மி.கி. அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காடு குறைந்தது, 2022இல் வெளிவந்த ஆய்வில்.

80 கிலோ உள்ள ஒருவருக்கு 15 விழுக்காடு என்பது 12 கிலோ. 16 மாதத்தில். அதுவும் சராசரிதான்; சிலருக்கு 5 கிலோவோடு நின்றுவிடும்.

எனக்கு இந்த ஊசி தேவையா?

கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ வரும். 160 செ.மீ. உயரம், 72 கிலோ என்றால் 28.1. ஆசியர்களான நமக்குக் கோடு கீழேயே இருக்கிறது. 23க்கு மேல் அதிக எடை, 27.5க்கு மேல் உடல் பருமன். ஒரே எடையில் நம்மவர்களுக்கு இடுப்பைச் சுற்றிக் கொழுப்பும் இனிப்பு நீரும் சீக்கிரம் வருவதுதான் காரணம். அதனால் அளவு நாடாவையும் எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம்.

மருந்தின் அதிகாரபூர்வத் தகவலேட்டில் இருப்பது பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற ஒன்று. 58 கிலோ இருந்துகொண்டு 52க்கு வர வேண்டும் என்று கேட்கும் தங்கைகளுக்கு என் பதில், இல்லை. அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணத்தில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிடலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

பார்லரில் போடும் பி12 ஊசி எடையைக் குறைக்குமா?

குறைக்காது.

கொஞ்சம் விளக்குகிறேன். பி12 ஆம்பூலை, அதாவது மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பண்டுங்குக்கு ஊற்றும் ரோஸ் சிராப் மாதிரி அழகான சிவப்பு. அந்த நிறமே பாதி வியாபாரம் செய்துவிடுகிறது. பி12 உடம்புக்கு அவசியம்தான், இரத்த அணுக்களுக்கும் நரம்புக்கும். ஆனால் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம். வழக்கமாகக் கிடைக்கும் ஆம்பூலில் 1,000 மைக்ரோகிராம் இருக்கும். குறைபாடு இல்லாதவர்களுக்குப் போட்டால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். எடை இறங்காது.

குறைபாடு உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரை எடுப்பவர்கள், வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கால் மரத்துப்போவது, ஓயாத சோர்வு, நாக்கில் எரிச்சல் இருந்தால் இரத்தச் சோதனை செய்து பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். சோர்வு போனால் நடக்கத் தெம்பு வரும். அந்த அளவுதான் எடைக்கும் அதற்கும் சொந்தம்.

"எனக்கு நாலு கிலோ குறைஞ்சதே" என்பார்கள். பேக்கேஜில் வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். இரவில் சோறு வேண்டாம், தே தாரிக் வேண்டாம், தினமும் அரை மணி நடை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பில் மட்டும் காக்கைக்கு.

லிப்போ ஊசி, கார்னிட்டின், குளூட்டாதியோன்?

லிப்போ என்பது பெரும்பாலும் மெத்தியோனின், இனோசிட்டால், கோலின் மூன்றையும் பி12உடன் கலந்தது. ‘கல்லீரல் கொழுப்பை வெளியேற்றும்’ என்று விற்கிறார்கள். எடை குறைவதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கார்னிட்டின் பற்றிய ஆய்வுகளில் தெரியும் மாற்றம் சொற்பம். குளூட்டாதியோன் எடைக்குச் சம்பந்தமே இல்லாத பொருள். வெளுப்பாகிறேன் என்று போனவர்களுக்கு இலவச இணைப்பாகத் தரப்படுகிறது.

சத்து ஊசிதானே, கெடுதல் என்ன என்றால், ஊசி என்பதே ஒரு துளை. சுத்தமில்லாத கையால் போட்டால் சீழ்க்கட்டி, ஒவ்வாமை. அதைவிடப் பெரிது, அழகு நிலையத்தில் ஊசி போடுவதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவு பெற்ற கிளினிக்கில், பதிவு பெற்ற மருத்துவரின் பொறுப்பில்தான் போட வேண்டும். முகம் கழுவிவிட்டு, புருவம் திருத்திவிட்டு, அதே நாற்காலியில் ஊசி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எச்சிஜி ஊசி என்று அத்தை ஒருவர் சொல்கிறாரே?

அது பழைய சரக்கு. 1954இல் சிமியன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கர்ப்ப ஹார்மோனான எச்சிஜியைப் போட்டு நாளைக்கு 500 கலோரி மட்டும் சாப்பிடச் சொன்னார். 500 கலோரி சாப்பிட்டால் யாருக்கும் இளைக்கும்! பிறகு நடந்த சோதனைகளில் ஊசிக்குப் பங்கில்லை என்று தெரிந்தது. வேண்டாம்.

வாந்தி வருமாமே?

வரலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இவைதான் முன்வரிசை. அளவு ஏறும் வாரங்களில் அதிகம். தாங்கவில்லை என்றால் அடுத்த படிக்கு அவசரப்படாமல் இன்னும் சில வாரம் அதே அளவில் நிறுத்தச் சொல்வார் மருத்துவர். இரைப்பை மெதுவாகக் காலியாகும் நேரத்தில், பழைய பழக்கத்தில் நாசி கண்டார் சோற்றில் ‘குவா பஞ்சிர்’ என்று குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிட்டால் இரவு முழுக்க அவஸ்தை. ஒரு அங்கிள் அப்படிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மருந்தைத் திட்டிக்கொண்டு வந்தார்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்: முதுகுவரை பாயும் கடும் வயிற்று வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பைக் கல். தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி என்றால் சிறுநீரகம் பாதிக்கும். இந்த மூன்றிலும் ஃபார்மசிக்கு வராதீர்கள், நேரே அவசரப் பிரிவு. ஏற்கெனவே இனிப்பு நீரால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், தொடங்குமுன் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால், இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து தருபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம்.

எனக்குத் தைராய்டு இருக்கிறது. போடலாமா?

தைராய்டு என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம். தடை இருப்பது மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ இரத்த உறவிலோ இருந்தால், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய் இருந்தால். காலையில் தைராக்சின் மாத்திரை போடும் சாதாரணத் தைராய்டு குறைவு அந்தத் தடையில் வராது. ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; எடை குறையும்போது மாத்திரை அளவையும் பார்க்க வேண்டி வரலாம்.

கர்ப்பம், தாய்ப்பால் காலங்களில் வேண்டாம். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் செமகுளூட்டைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபட்டைடு போடுகிறவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக்கூடாது. தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பும் வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டு போனவர்களைவிட, யாருமே சொல்லவில்லையே என்று அதிர்ந்தவர்கள்தான் அதிகம்.

இனிப்பு நீர் மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா? தைப்பூச விரதத்தில்?

மெட்ஃபார்மினோடு சேர்ப்பது சாதாரணம். கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம், அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டும்.

விரதம் தனிக் கதை. தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படி ஏறப்போகிறவர், ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறார், வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை, ஊசியால் பசியும் தாகமும் மந்தம். இப்படி ஒருவர் மயங்கி விழுவதற்கு முருகன் பொறுப்பல்ல. விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசுங்கள். புதிதாக ஊசியைத் தொடங்கவோ அளவைக் கூட்டவோ அந்த வாரங்கள் சரியில்லை.

ஊசி சைவமா?

புரட்டாசி வந்தால் கேட்பார்கள். செமகுளூட்டைடு ஈஸ்ட் நுண்ணுயிர் வழியாகத் தயாராகிறது. டிர்செபட்டைடு வேதியியல் முறையில்.

என்ன சாப்பிட வேண்டும்?

குறைகிற எடையில் ஒரு பங்கு தசை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம், இளைத்த பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை என்று வருகிறார்கள். வாழையிலையில் நாம் சோற்றை மலையாகக் குவித்து, மீனை ஓரத்தில் வைப்போம். ஊசி போடுகிறவரால் ஏழெட்டு வாய்க்கு மேல் முடியாது. அந்த ஏழெட்டு வாயில் முதல் ஐந்து மீன், முட்டை, கோழி, பருப்பு, தெம்பே. பிறகு காய். இடமிருந்தால் சோறு. வாரம் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி. ஐந்து கிலோ அரிசிப் பையே போதும். தே தாரிக்குக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் என்பது ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

நிறுத்தினால் எடை திரும்புமா?

பெரும்பாலும், ஆமாம். மேலே சொன்ன 68 வார ஆய்வு முடிந்து மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மன உறுதி இல்லாததால் வருவதல்ல இது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது மாதிரி, பசியை அடக்கிய மருந்து போனதும் பசி திரும்புகிறது. "மூணு மாச கோர்ஸ்" என்று யாராவது விற்றால், நான்காம் மாதம் என்ன என்று கேளுங்கள்.

மாதம் எவ்வளவு ஆகும்?

பல நூறு வெள்ளி. அளவு கூடும்போது சில மருந்துகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நகையை அடகு வைத்துத் தொடங்கி, ஐந்தாம் மாதம் நிறுத்தியவரை எனக்குத் தெரியும். எடையும் திரும்பியது, வளையல் திரும்பவில்லை.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

ஒரு அக்கா ஐஸ் பெட்டியோடு கடைக்கு வந்தார். உள்ளே ஐஸ் உருகித் தண்ணீராகி, அதில் சுண்டுவிரல் அளவு கண்ணாடிப் புட்டி மிதந்தது. லேபிளில் மருந்தின் பெயர் இல்லை. ‘ஸ்லிம்’ என்றும் ஒரு பூவும் இருந்தன. கூடவே இன்சுலின் சிரிஞ்சு. "பத்து போடச் சொன்னாங்க மிஸ். பத்து என்ன, மில்லியா, கோடா?" என்று கேட்டார். அவர் கேட்காமல் போட்டிருந்தால்? இன்சுலின் சிரிஞ்சில் 100 கோடு என்பது 1 மில்லி. புட்டியில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. அமெரிக்காவில் இப்படிப் புட்டியிலிருந்து எடுத்துப் போட்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு போட்டுக்கொண்டதாக அந்நாட்டு மருந்துத் துறை 2024இல் எச்சரித்தது.

போலி ஊசிப் பேனாக்களும் உண்டு. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டவர்கள் சர்க்கரை இறங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். உள்ளே இருந்தது இன்சுலின் என்று சந்தேகம். பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் பிடிபட்ட போலிகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது.

மலேசியாவில் சரிபார்க்க வழி இருக்கிறது. பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதன் பின் எழுத்தும் கொண்ட பதிவெண் இருக்க வேண்டும், பாதுகாப்பு ஹாலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும். எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் தட்டினால் மருந்தின் பெயர் வரும். இலக்கங்களுக்குப் பின்னால் ‘டி’ இருந்தால் பாரம்பரிய மருந்து, ‘என்’ இருந்தால் சத்துப்பொருள். இந்த இரண்டு வகையிலும் ஊசி என்று ஒன்று கிடையாது. ஊசிப் புட்டியில் அந்த எழுத்தைப் பார்த்தால் எண்ணே வேறு எதிலிருந்தோ திருடப்பட்டது.

இன்னொன்று, செமகுளூட்டைடு மருந்துச்சீட்டு வேண்டிய பொருள். சீட்டில்லாமல் நான் கொடுத்தால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி குற்றம். லைவில் ‘கூடை’யைத் தட்டச் சொல்லி விற்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அந்த அக்காவின் புட்டியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கொடுத்த 280 வெள்ளி போனது போனதுதான்.

ஒரு வாரம் மறந்துவிட்டேன்.

இரட்டிப்பாகப் போடாதீர்கள். ஓசெம்பிக் 5 நாளுக்குள், மவுன்ஜாரோ 4 நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் என்பது மாதிரி ஒரு வேலையோடு கட்டிவைத்தால் மறக்காது.

பேனாவை எங்கே வைப்பது? ஊருக்குப் போகும்போது?

திறக்காத பேனா ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ளதை எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், தகவலேட்டைப் பாருங்கள். 30 டிகிரி தாண்டக்கூடாது என்றிருக்கும். கொம்தாரில் காரை நிறுத்திவிட்டு மருந்தை டாஷ்போர்டில் விட்டுப் போனால் அது முடிந்த கதை. சென்னைக்கோ திருச்சிக்கோ போனால் மருந்துச்சீட்டோடு கைப்பையில்; விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகும் பெட்டியில் வேண்டாம்.

போட்டு முடித்த ஊசி முனையை என்ன செய்வது?

குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். துணி துவைக்கும் திரவம் வந்த கனமான பிளாஸ்டிக் புட்டி இருக்குமே, அதில் போட்டு மூடி வையுங்கள். முக்கால் நிறைந்ததும் உங்கள் கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள், எங்கள் கடையிலும் வாங்கிக்கொள்கிறோம். எங்கள் ஃபிளாட்டில் குப்பை எடுக்க வரும் அக்காவின் வலது கையுறையில், கட்டைவிரலுக்குக் கீழே, கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். என்ன என்று கேட்டேன். "போன மாசம் ஊசி குத்திருச்சு மா, கையுறை நல்லாத்தான் இருக்கு" என்றார். இரத்தச் சோதனைக்கு மூன்று முறை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தாராம்.